இரண்டு டப்பா

பிள்ளையின் கழுத்தில் கட்டி இருக்கிறது, அதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா? அப்படியானால் முதலில் இதை மட்டும் படித்துவிடுங்கள். எடுக்கிற சதையை இரண்டு டப்பாவில் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றில் ஃபார்மலின், சதையைக் கெடாமல் வைக்கிற திரவம். இன்னொன்றில் நார்மல் சலைன், அதாவது டிரிப்ஸில் ஏற்றுகிற அதே உப்புத் தண்ணீர். கட்டி காசநோயா, அதாவது டிபியா, என்று உறுதியாகப் பார்க்க இரண்டும் வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் போனதால் என் மகள் ஆபரேஷனுக்குப் பிறகு இன்னொரு தடவை ஊசிக்கும் கழுத்தைக் காட்ட வேண்டியதாயிற்று.

எங்கள் வீடு பெரம்பூரில். ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு போர்ஷன். நான் புரசைவாக்கத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன், என் கணவர் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். மகளுக்கு ஐந்தரை வயது, யூகேஜி. சின்னவனுக்கு இரண்டரை.

2025 பொங்கல் லீவு முடிந்து ஸ்கூல் திறந்த வாரம். காலையில் சடை பின்னிக்கொண்டிருந்தேன். முடியை ஒதுக்கும்போது வலது காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், விரலில் ஓர் உருண்டை தட்டுப்பட்டது. அரைநெல்லிக்காய் அளவு இருக்கும். அழுத்திப் பார்த்தேன்.

"வலிக்குதா பாப்பா?"

"இல்லம்மா, சீக்கிரம் பின்னு, வேன் வந்துடும்."

வலிக்கவில்லை என்றதும் நானும் விட்டுவிட்டேன். தலையில் பேன் இருந்தாலே பிள்ளைகளுக்கு நெறி கட்டும், தொண்டை வலி வந்தாலும் நெறி கட்டும். அது உண்மைதான். ஆனால் அப்படிக் கட்டும் நெறி தொட்டால் வலிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் வற்றிவிடும். வலிக்காமல், வற்றாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிற நெறியைத்தான் கவனிக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முதலில் பார்த்த டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு ஏழு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அதில் தப்பே இல்லை, முதலில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். குறையவில்லை. பிப்ரவரியில் வேறொரு கிளினிக் போனோம். அங்கே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். "எக்ஸ்ரே சுத்தமா இருக்கு, டிபி எல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். நுரையீரலுக்கு வெளியே வருகிற டிபியில் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். இருமலும் இருக்க வேண்டும் என்றில்லை. என் மகள் கடைசி வரை ஒரு தடவைகூட இருமவில்லை.

அந்தச் சீட்டில் எழுதியிருந்த மருந்து லீவோஃப்ளாக்சசின். சாப்பிடச் சாப்பிடக் கட்டி கொஞ்சம் வற்றியது, எங்களுக்கும் சந்தோஷம். நிறுத்திய பத்தாம் நாள் முன்பைவிடப் பெரிதாக வந்து நின்றது. அந்த மருந்து டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும், முழுசாகக் கொல்லாது. டிபியா இல்லையா என்று பார்க்கும் முன்பே அதைக் கொடுத்தால் நோய் ஒளிந்துகொள்ளும், அதனால் தவிர்க்க வேண்டும் என்று பின்னால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பழைய மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் சீட்டைப் பார்த்துத்தான் அந்த டாக்டருக்கு இவ்வளவும் புரிந்தது.

மார்ச் நடுவில் ஒன்று மூன்றாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக இறங்கியது. யூனிஃபார்ம் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்பினேன். சாயங்காலமானால் உடம்பு இளஞ்சூடாக இருக்கும். திண்டிவனத்தில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னதும் அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "ஏண்டி, கண்டமாலையா இருக்கப் போவுது, பெரிய டாக்டரா பாரு" என்றார். கழுத்தில் மாலை போட்ட மாதிரி வருவதால் அந்தக் காலத்தில் வைத்த பெயர் அது. இரண்டு டாக்டர்கள் சொல்லாததைப் பள்ளிக்கூடம் தாண்டாத என் அம்மா சொன்னார். பத்து போடு, சுட்டுவிடு என்று அவர் சொல்லாததற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ஆபரேஷன் செய்து ஒரு கட்டியை எடுத்தார்கள். நல்ல சர்ஜன், தையல் தெரியாத அளவுக்குச் செய்திருந்தார். தியேட்டரிலிருந்து சிஸ்டர் ஒரு டப்பாவைக் கொண்டு வந்து என் கணவர் கையில் கொடுத்தார். திருகு மூடி போட்ட, கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் டப்பா. தண்ணீர் மாதிரி ஒரு திரவத்துக்குள் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் போல அது கிடந்தது. மூடி லேசாகத் திறந்தாலே மூக்கை அரிக்கிற நெடி. மேலே பிளாஸ்திரி ஒட்டி மகள் பெயர், வயது, தேதி எழுதியிருந்தது. "லேபுக்குக் கொண்டு போயிடுங்க சார்." அவர் சட்டைப் பைக்குள் வைத்து, ஒரு கையால் பிடித்தபடியே வண்டி ஓட்டிக்கொண்டு போனார்.

ஐந்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. கிரானுலோமா, அதாவது அழற்சியால் திரண்ட சின்ன முடிச்சுகள், இருக்கிறது, நடுவில் பாலாடைக்கட்டி போல அழுகியிருக்கிறது, காசநோயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று போட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தார். "சதையில ஒரு துண்டு சலைன்ல வச்சாங்களா? ஜீன் எக்ஸ்பெர்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டுக் கேட்டோம். முழுக் கட்டியும் ஃபார்மலினில்தான் போயிருந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். ஃபார்மலின் சதையைக் கெடாமல் வைக்கும், மைக்ராஸ்கோப்பில் பார்க்க அது வேண்டும். ஆனால் கிருமியை அது கொன்றுவிடும். கல்ச்சர் என்பது லேபில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது; செத்த கிருமி அதில் வளராது. கிருமியின் மரபணுவை மிஷினில் தேடுகிற ஜீன் எக்ஸ்பெர்ட், ட்ரூநாட் போன்ற டெஸ்டுகளுக்கும் ஃபார்மலினில் போடாத சதைதான் வேண்டும். மைக்ராஸ்கோப் ரிப்போர்ட் 'டிபி போலத் தெரிகிறது' என்றுதான் சொல்லும். இது எந்த மருந்துக்கு அடங்குகிற டிபி, முக்கியமான டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதை அது சொல்லாது. பெரியவர்களானால் சளியைத் துப்பச் சொல்லித் திரும்பத் திரும்ப டெஸ்ட் செய்யலாம். பிள்ளையின் கழுத்துக் கட்டியில் கிடைக்கிற சதை அந்த ஒரு விரல்நுனி அளவுதான். அதை நாம் முழுதாக ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டோம்.

கீழே இன்னொரு கட்டி மிச்சம் இருந்தது. அதில் ஊசி குத்தி உறிஞ்சி எடுக்கலாம் என்றார். மகள் என்னைப் பார்த்து, "இன்னொரு தடவையாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அழவில்லை. நான்தான் அழுதேன். இந்த முறை சிஸ்டர் நாலு கண்ணாடி ஸ்லைடும், சலைன் ஊற்றிய ஒரு சின்ன டியூபும் பக்கத்தில் எடுத்து வைத்த பிறகுதான் ஊசியையே பிரித்தார். வந்தது ஒரு சொட்டு, மஞ்சள் கலந்த வெள்ளை. பாதி ஸ்லைடில், பாதி டியூபில். ஜீன் எக்ஸ்பெர்ட் டெஸ்டை மிஷின் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும். மறுநாள் ரிசல்ட் கையில் இருந்தது. டிபி கிருமி இருக்கிறது, ரிஃபாம்பிசின் வேலை செய்யும். கல்ச்சருக்கு அனுப்பியது வர ஆறு வாரம் ஆனது, அதற்காக மருந்தை நிறுத்தி வைக்கவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த டெஸ்டில் 'இல்லை' என்று வந்தாலும் டிபி இல்லை என்று ஆகிவிடாது. பிள்ளைகள் உடம்பில், அதுவும் நுரையீரலுக்கு வெளியே, கிருமி மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு பையனுக்கு 'இல்லை' என்றுதான் வந்தது. எடை குறைந்தது, மைக்ராஸ்கோப் ரிப்போர்ட், கை ஊசி, வீட்டில் அப்பாவுக்கு டிபி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அவனுக்கும் மருந்து தொடங்கினார்கள்.

கை ஊசி என்றது மேன்டூ டெஸ்டை. முன்கையில் தோலுக்குள்ளேயே போடுவார்கள். 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வந்து காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆள் இருப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிவந்திருப்பதை அளக்க மாட்டார்கள், தடித்திருப்பதை மட்டும் அளப்பார்கள். 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பாசிட்டிவ். என் மகளுக்கு 16. கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், நோய் இருக்கிறதா என்பதைத் தனியாகச் சொல்லாது. அப்புறம், ரத்தத்தில் டிபிக்கு ஐஜிஜி, ஐஜிஎம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் செய்யாதீர்கள். நம்பகமில்லை என்று அரசு 2012லேயே தடை செய்த டெஸ்ட் அது.

மருந்து எழுதியதும் எங்கள் வட்டாரத்து கார்ப்பரேஷன் சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். நிக்‌ஷய் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்து ஓர் எண் கொடுத்தார்கள். தனியார் டாக்டராக இருந்தாலும் இப்படிப் பதிவு செய்வது 2012 முதல் கட்டாயம். சிகிச்சை முடியும்வரை சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2018ல் தொடங்கியபோது 500, 2024 நவம்பரிலிருந்து 1,000. மகளுக்குக் கணக்கு இல்லாததால் என் கணக்கு எண்ணைக் கொடுத்தோம். சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது.

அங்கிருந்து ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்தார். "வீட்ல யாருக்காவது இருமல் இருக்காம்மா?" என்றார். இல்லை என்றேன். மாமியாருக்கு, எனக்கு, அவருக்கு யாருக்கும் இல்லை. சரி என்று எழுதிக்கொண்டு எழுந்தவர், வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க. பாப்பா பகல்ல யார்கிட்ட இருக்கும்?"

பின் போர்ஷன் ஆயாவிடம். மாமியாருக்கு முட்டி வலி, பிள்ளைகள் பின்னால் ஓட முடியாது. ஸ்கூல் விட்டு வந்து நான் வரும்வரை, ஒன்றரை மணியிலிருந்து ஏழு மணிவரை, மகள் ஆயாவின் ஒற்றை அறையில்தான் இருப்பாள். அங்கேயே சாப்பிட்டு, அவர் மடியிலேயே தூங்குவாள். ஆயாவுக்குச் சர்க்கரை உண்டு. தீபாவளிக்கு முன்பிருந்தே இருமல். மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடிப்பார். நானே இரண்டு பாட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சளி டெஸ்டில் ஆயாவுக்கு நுரையீரல் டிபி என்று வந்தது.

இரண்டு நாள் ஆயாவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. கோபம் அவர்மேல் என்றுதான் நினைத்தேன். உண்மையில் ஐந்து மாதம் அந்த இருமலைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்த என்மேல்தான் கோபம். மூன்றாம் நாள் போனபோது கதவை முக்கால்வாசி சாத்தி வைத்துக்கொண்டு, முந்தானையால் வாயை மூடியபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். "இன்னா கண்ணு, புள்ளைக்கு நானே குடுத்துட்டனாமே" என்றார். அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைக்கு டிபி என்றால் பெரும்பாலும் அது ஒரு பெரியவரிடமிருந்து வந்ததுதான். அந்தப் பெரியவர் உங்கள் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும் என்றில்லை. டியூஷன் மிஸ், வேன் அண்ணன், வேலைக்கு வரும் அக்கா என்று பிள்ளை மணிக்கணக்கில் யாருடன் ஒரே அறையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் பிள்ளையிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவுமா என்பது வேறு கதை. கழுத்தில் மட்டும் டிபி இருக்கிற என் மகளிடமிருந்து யாருக்கும் பரவாது. அது தெரியாமல் மாமியார் அவளுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு வைத்தார். டாக்டரம்மா அவரை நேரில் கூப்பிட்டு எடுத்துச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். ஸ்கூலுக்கு ஒரு நாளும் நிறுத்தவில்லை.

சின்னவனையும் பரிசோதித்தார்கள். அவனுக்கு நோய் இல்லை. ஆனாலும் ஆறு மாதம் தினமும் ஐசோனியாசிட் மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை?" என்று வீட்டில் பெரிய சண்டை. ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குக் கிருமி போனால் மூளைவரை போக வாய்ப்பு அதிகம், அதைத் தடுக்கத்தான் இது. நான் விடாமல் கொடுத்தேன்.

மூளை டிபி என்றால் என்ன என்று ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்த்திருந்தேன். மூன்று வயதுப் பெண் குழந்தை. மூன்று வாரமாக வாந்தி, காய்ச்சல்; வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் விளையாடாமல் படுத்தே கிடந்திருக்கிறது. ஒரு கண் ஒரு பக்கமாகத் திரும்பியதும்தான் ஓடி வந்திருக்கிறார்கள். முதுகுத் தண்ணீர் எடுத்துப் பார்த்து, ஸ்டீராய்டும் சேர்த்து மருந்து தொடங்கினார்கள். கழுத்துக் கட்டிக்கு ஆறு மாதம் என்றால் மூளைக்கும் எலும்புக்கும் பன்னிரண்டு மாதம். வாரக்கணக்கில் காய்ச்சல், தலைவலி, வாந்தி, அதோடு பிள்ளையின் சுபாவமே மாறி எந்நேரமும் தூக்கம் என்றால் ஒரு நாளும் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதுகு வலிக்கிறது என்று குனியவே மறுக்கிற பிள்ளையையும் அப்படியே. பிறந்ததும் போடுகிற பிசிஜி ஊசி சின்னப் பிள்ளைகளுக்கு மூளை டிபி வருவதைப் பெருமளவு தடுக்கும். கழுத்துக் கட்டிக்கு அதை நம்பி இருக்க முடியாது. என் மகள் தோளில் தழும்பு இருக்கிறது.

மருந்து எடைக் கணக்கில். தொடங்கும்போது அவள் 15.4 கிலோ. 12 முதல் 15 கிலோவரை உள்ள பிள்ளைக்குத் ரிஃபாம்பிசினும் சேர்ந்த, தண்ணீரில் கரைகிற கூட்டு மாத்திரை மூன்று, கூடவே எத்தாம்புடால் என்ற இன்னொரு டிபி மாத்திரை மூன்று. காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில். கூட்டு மாத்திரை கால் டம்ளர் தண்ணீரில் தானாகக் கரையும், இனிப்பாகவும் இருக்கும். எத்தாம்புடாலை நான் தூளாக்கித்தான் கொடுத்தேன், நல்ல கசப்பு. கரைத்தால் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வைத்து, அடியில் தங்கியதையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் கொடுத்துவிட வேண்டும். முதல் நாளே மிஸ்ஸிடம் சொல்லி வையுங்கள். பாப்பாவுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று ஸ்கூலிலிருந்து பதறிப்போய் எனக்குப் போன் வந்தது. ரிஃபாம்பிசினால் அப்படித்தான் போகும், பயமில்லை. கண் மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல் வாந்தி தொடர்ந்தால் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். எத்தாம்புடால் கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் ஞாயிறுதோறும் கலர் பென்சில் பெட்டியைத் திறந்து சிவப்பு எது, பச்சை எது என்று கேட்பேன். அவளுக்கு அது விளையாட்டு.

மாதாமாதம் எடை பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் எழுதி வையுங்கள். இரண்டாம் மாத முடிவில் 16.2 கிலோ ஆகிவிட்டாள். 16 கிலோவைத் தாண்டினால் நாலு மாத்திரை. கூட்டத்தில் அது கவனத்துக்கு வரவில்லை, நான் நோட்டைக் காட்டியதும் சிஸ்டர் உடனே மாற்றிக் கொடுத்தார்.

அதே சமயத்தில்தான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது நடந்தது. வற்றிக்கொண்டிருந்த கட்டி திடீரென்று பெரிதாகி, மேல் தோல் சிவந்து பளபளவென்று ஆனது. பக்கத்தில் இன்னொன்றும் புதிதாக வந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். தெருமுனை கிளினிக்கில் "கீறி சீழ எடுத்துடலாம்" என்றார்கள். நல்ல வேளை, எழும்பூருக்குப் போனோம். சாகிற கிருமியை எதிர்த்து உடம்பே காட்டுகிற வேகம் இது, கழுத்துக் கட்டியில் இப்படி வருவது உண்டு என்றார் டாக்டரம்மா. கீறிவிட்டால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். பக்கத்து நல்ல தோல் வழியாக ஊசி விட்டுச் சீழை உறிஞ்சினார். அதையும் சலைன் டியூபில் போட்டு, மருந்துக்கு எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தார். இல்லை. அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஐந்து வாரத்தில் அடங்கியது.

கடைக்குப் போகும் வழியில் இல்லையென்றாலும், ஒரு நாள் சேத்துப்பட்டு மேயர் சத்தியமூர்த்தி சாலையில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்ப்பதற்காகவே இறங்கி நின்றேன். 1956ல் தொடங்கியது. டிபி நோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று இந்த ஊர் ஏழை ஜனங்களை வைத்து உலகத்துக்கே காட்டிய இடம். என் மகள் எங்கள் சமையலறை மேடைமேல் உட்கார்ந்து மாத்திரை குடித்ததற்கு அந்தக் கட்டடம் ஒரு காரணம்.

செப்டம்பர் கடைசியில் மகளுக்கு மருந்து முடிந்தது, ஆயாவுக்கு அக்டோபரில். மகள் இப்போது 18.1 கிலோ. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு வருடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காதுக்குக் கீழே ஒரு சின்ன உருண்டை மிச்சம் இருக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் அப்படித் தங்குவது உண்டு, வளர்ந்தால் மட்டும் வரச் சொன்னார்கள். ஸ்கூல் விட்டதும் மறுபடி ஆயா வீட்டுக்குத்தான் போகிறாள். ஜன்னலை மட்டும் நாங்கள் ஆள் வைத்துப் பெரிதாக்கிக் கொடுத்தோம்.

காலையில் சடை பின்னும்போது என் விரல் தானாக அங்கே போய்விடுகிறது. அவளுக்கும் தெரியும்.

"அம்மா, பட்டாணி அப்படியே இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு. திரும்பு, அந்தப் பக்கம் பின்னணும்."